மூடியில் ஏறிய கொடி

திரும்பி வந்த டப்பாக்களைத் தொழிற்சாலை முற்றத்தில் கொட்டிய சத்தம் கேட்டு முதலில் வெளியே ஓடிவந்தவள் அச்சக்காதான். அவளுக்கு வேறு பெயர் உண்டு. சம்பள நாளில் மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம், அச்சு வெட்டுகிற அக்கா என்பது தேய்ந்து அச்சக்கா ஆகிவிட்டிருந்தது. அவளைவிட வயதில் பெரியவரான காவலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அலுமினியத் தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்திச் சாப்பாட்டு டப்பா செய்யும் தொழிற்சாலை அது. வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோகிற நீளமான டப்பா. மேலே தட்டை மூடி, பக்கத்தில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். பல வருடமாக அது நன்றாகவே விற்றது. பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. அவர்கள் மெல்லிய தகட்டில் செய்து விலையைக் குறைத்தார்கள். இங்கே முதலாளியும் வேறு வழியில்லாமல் தகட்டின் கனத்தைக் குறைத்தார். குறைத்த கையோடு தொல்லை ஆரம்பித்தது.

மூடியின் நடுவில் விரலை வைத்தால் ‘டொப்’ என்று உள்ளே போனது. எடுத்தால் ‘டொப்’ என்று வெளியே வந்தது. நெரிசலான பேருந்தில் யாராவது பையில் இடித்தால் மூடி நசுங்கி வாய் கோணிக்கொண்டது. சாப்பாடு பைக்குள் ஒழுகியது. கடைக்காரர்கள் வாங்கியதையெல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி அந்தக் குவியலின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். வழவழப்பு என்றால் அவருக்கு உயிர். மேசையில் ஒரு பூஜாடி கிடையாது, சட்டையில் ஒரு கோடு கிடையாது. அவர் காதில் விழாத தூரத்தில் எல்லோரும் அவரை மொழுக்கு முதலாளி என்றார்கள்.

“தகட்டைப் பழைய கனத்துக்கே மாத்திடலாமே, முதலாளி” என்றாள் பெரிய பிரஸ் மெஷினை ஓட்டுகிறவள். இவள் அச்சக்காவின் நாத்தனார். அவள் கணவரின் தங்கை. ஒரே வீட்டில் இருந்து ஒரே வேலைக்கு வருகிறவர்கள். அண்ணி வெட்டும் அச்சில் நாத்தனார் தகட்டை அடிப்பாள்.

“மாத்தினா விலை ஏறும். ஏறினா எவன் வாங்குவான்?” என்றார் முதலாளி. “இப்படியே போனா டப்பா வேலையை நிறுத்திட்டு வாளி மட்டும் செய்யலாம்னு இருக்கேன்.”

வாளி வேலைக்குப் பாதிப்பேர் போதும்.

இன்ஜினியர் ஒரு மூடியை எடுத்து டொப், டொப் என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டே உள்ளே வரும் அளவுக்கு உயரம். நெட்டை என்றே பெயர். “தட்டையா இருக்கிற வரைக்கும் இது டொப்புனுதான் சார் இருக்கும்” என்றான். “ஒரு காகிதத்தைக் கையில பிடிச்சா தொங்குது. அதையே மடிச்சுப் பிடிச்சா விறைப்பா நிக்குது. மூடியில மேடு பள்ளம் வச்சா இதே மெல்லிசுத் தகடு நிக்கும். நீளமா நாலஞ்சு வரி போட்டுப் பார்க்கலாம்.”

போட்டுப் பார்த்தார்கள். அச்சக்கா முணுமுணுத்துக்கொண்டே நேர்கோடு நேர்கோடாக ஒரு அச்சு வெட்டிக் கொடுத்தாள். அடித்து எடுத்த மூடியை எல்லோரும் பார்த்தார்கள். காவலாளி மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “எங்க தெருமுனைச் சாக்கடை மூடி மாதிரியே இருக்கு.”

அதோடு போகவில்லை. நீளவாக்கில் விறைத்து நின்ற மூடி, இரண்டு வரிகளுக்கு நடுவே அழுத்தியதும் மடக்குப் பாய் மாதிரி மடங்கிக்கொண்டது. நெட்டை தலையைச் சொறிந்தான்.

“எல்லா வரியும் ஒரே பக்கமா ஓடுது தம்பி. அதான் இன்னொரு பக்கம் மடங்குது” என்றாள் அச்சக்கா.

“ஆமாக்கா. குறுக்கேயும் கோடு போட்டுக் கட்டமாக்கலாம். ஆனா கோடும் கோடும் வெட்டிக்கிற இடத்துல தகடு தாங்குமான்னு தெரியல.”

“எதையும் வெட்டிக்காம நாலா பக்கமும் சுத்திச் சுத்திப் போற மாதிரி ஒண்ணு இருந்தா?”

“இருந்தா ரொம்ப நல்லது. அப்படி என்ன இருக்கு?”

அச்சக்கா பட்டறையின் பின்சுவரைக் காட்டினாள். நீராவிக் குழாயைப் பற்றிக்கொண்டு ஒரு காட்டுக்கொடி கூரை வரைக்கும் ஏறியிருந்தது. எத்தனை தடவை வெட்டினாலும் மறுபடி முளைக்கிற கொடி. தண்டு ஒரு நேரும் இல்லாமல் வளைந்து வளைந்து போனது. வளைவுக்கு வளைவு இலை. நெட்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு மூடியைப் பார்த்தான். “அக்கா, இது சரியா வரும்போல இருக்கே” என்று மெதுவாகச் சொன்னான்.

உண்மையில் இந்த யோசனை அவளுக்கு அன்றைக்குத் தோன்றியதல்ல. இத்தனை வருடமாகத் தொழிற்சாலையில் அவள் வெட்டியதெல்லாம் மொட்டை அச்சுகளும், டப்பாவின் அடியில் விழும் கம்பெனிப் பெயரும்தான். அந்த எழுத்துக்களை அவள் முத்து முத்தாக வெட்டுவாள். ஆனால் டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படிக்கிறவர் யார்? மேல்பக்கம் ஒரு பூவாவது வைக்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறை முதலாளியிடம் கேட்பாள். அவரும் வருடத்துக்கு ஒருமுறை மாட்டேன் என்பார். இந்தத் தடவையும் அதையேதான் சொன்னார்.

“இது சாப்பாட்டு டப்பாம்மா. நகைப்பெட்டி இல்ல. பூவும் கொடியும் யார் கேட்டா?”

அச்சக்கா நேராகத் தொழிலாளிகள் சாப்பிடும் அறைக்குப் போனாள். அலமாரியில் வரிசையாக இருந்த அவரவர் டப்பாக்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தாள். எல்லாம் அதே தொழிற்சாலையில் செய்தவை. எல்லாவற்றின் மூடியிலும் ஆணியால் ஏதாவது கீறியிருந்தது. ஒன்றில் கோணல் சூரியன். ஒன்றில் சீப்பு மாதிரி ஒரு பறவை. ஒன்றில் மூடி முழுக்கப் புள்ளி வைத்துச் சுற்றிலும் கோடு.

“நீங்க வைக்கலேன்னாலும் ஜனங்க வச்சுக்கிட்டாங்க முதலாளி. ஆணியால வச்சிருக்காங்க, அதனால நல்லா வரல. அவ்வளவுதான்.”

முதலாளி ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது என்ன, பூனையா?”

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரி சொன்னாள்: “என் வீட்டுக்காரர் முகம் முதலாளி.”

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார், முடியவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “சரி, வெட்டு” என்றார். “ஆனா தகடு கிழியக் கூடாது. கழுவினா உள்ளே ஒரு பருக்கைகூட ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. மாசக் கடைசியில மொத்த வியாபாரி வர்றார். அவர்கிட்ட காட்ட என் கையில ஒரு மூடி இருக்கணும். இல்லேன்னா வாளிதான்.”

அச்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடக்கம் என்பது அவளிடம் எப்போதுமே கொஞ்சம் குறைச்சல். அன்று மாலைக்குள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டாள்: “பாருங்க, இந்த மூடியைப் பார்த்துட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க கதவைச் சாத்திட்டுப் போகப் போறாங்க.” எஃகுக் கட்டியை எடுத்து வைத்து, தனக்குத் தெரிந்த வித்தை மொத்தத்தையும் அதில் இறக்கினாள். இலை ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனை மாதிரி நுனி. நரம்பு நரம்பாகக் கீறல். இலைகள் நடுவிலிருந்து நாலு ஓரத்தையும் பார்த்துப் பாய்ந்து போகிற மாதிரி வைத்தாள். வெட்டி முடித்த அச்சைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

அடிக்கிற அன்று எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். நாத்தனார் தகட்டில் எண்ணெய் தடவி அச்சில் வைத்தாள். ஓரத்தை இறுக்கும் சட்டத்தைப் பூட்டினாள். பிடியை இழுத்தாள். மெஷின் இறங்கியது. சர்ரென்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

எடுத்துப் பார்த்தால் மூடி கிழிந்திருந்தது. இன்னொன்று அடித்தாள், அதுவும் கிழிந்தது. நிறைய எண்ணெய் விட்டு அடித்தது இன்னும் மோசம். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்த மாதிரி நகர ஆரம்பித்தார்கள்.

“உன் மெஷின் போய் முட்டுது. மெதுவா இறக்குன்னு சொன்னேன்ல?” என்றாள் அச்சக்கா.

“மெதுவா இறக்க அது என்ன குழந்தையா, தொட்டில்ல போட? உங்க அச்சு கத்தி மாதிரி இருக்கு அண்ணி. கத்தியால குத்தினா தகடு கிழியாம என்ன பண்ணும்?”

“எத்தனை வருஷமா அச்சு வெட்டுறேன். எனக்குச் சொல்லித் தர்றியா?”

“மொட்டை அச்சு வெட்டினீங்க. நானும் மொட்டை மூடி அடிச்சேன். இது ரெண்டு பேருக்கும் புதுசுதான்.”

அதற்குமேல் பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்து நெட்டை குறுக்கே வந்து நின்றான். அச்சக்கா எல்லோர் முன்னாலும் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் பெருமைப் பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் குடித்தனம், இரண்டே அறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதற்குள் நடமாடுவதே ஒரு கலை. அச்சக்காவின் கணவர் பேருந்து நடத்துனர். நாளெல்லாம் சண்டை தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வேலை.

“அண்ணா, உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

“உப்பு அவ கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க.”

அவர் உப்பை எடுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். “ஒத்தைவழிச் சந்துல ரெண்டு பஸ் எதிரெதிரா நிக்குது. ரெண்டும் பின்னால போகாது. நான் நடுவுல விசில் ஊதிக்கிட்டு நிக்கிறேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விடுமுறை நாள் காலையில் நாத்தனார் ஒரு சாக்குப்பையோடு சமையலறைக்கு வந்தாள். கிழிந்த மூடிகளையெல்லாம் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். தரையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, எல்லாம் ஒரே திசை பார்க்கும்படி அடுக்கினாள். பிறகு நேராக அண்ணியைப் பார்த்தே பேசினாள்.

“பாருங்க. நீங்க போனப்புறம் வேற வேற வேகத்துல அடிச்சேன். எண்ணெய் கூட்டிக் குறைச்சு அடிச்சேன். கிழிசல் எல்லாத்துலயும் ஒரே இடத்துலதான் ஆரம்பிக்குது.”

அச்சக்கா வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிழிசல் ஒவ்வொன்றும் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்த இலையின் கூர்நுனியில் தொடங்கி வெளியே ஓடியிருந்தது.

“ஓரத்தை நான் சட்டம் போட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கேன். உங்க இலை நுனியெல்லாம் ஓரத்தைப் பார்த்துக் குத்திக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கம் அது இழுக்குது, இந்தப் பக்கம் நான் இழுக்குறேன். நடுவுல மாட்டினது என்ன ஆகும்?”

“அதை என்னைக் கேளுங்க” என்றார் சவரம் செய்துகொண்டிருந்த நடத்துனர்.

இந்தத் தடவை இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அச்சக்கா ஒரு கிழிசலை விரலால் தடவினாள். “அழகா இருக்கணும்னுதான் அவ்வளவு கூரா வெட்டினேன்” என்றாள்.

“அழகு வேணாம்னு நான் சொல்லல அண்ணி. அது முழுசா வெளியே வரணும்னுதான் சொல்றேன்.”

அன்று காலையே அச்சக்கா துணி சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து, அதில் கொடியைப் புதிதாகச் செதுக்கினாள். எஃகில் தப்பு செய்தால் நாள் கணக்கில் வீண். சோப்பில் செய்தால் வழித்துவிடலாம். இலை நுனிகளை ஓரத்தை விட்டுத் திருப்பி, தண்டை நோக்கி உள்பக்கமாக வளைத்தாள். நரம்புகளைக் குறைத்தாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் தடவித் தடவி, “இங்க இன்னும் நிமிர்ந்து நிக்குது, இங்க பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நுனிகள் சரியாக வந்துவிட்டன. ஆனாலும் மேடு ஏறுகிற விளிம்பு எப்படி வெட்டினாலும் வெடுக்கென்றுதான் நின்றது. சுரண்டிச் சுரண்டிப் பார்த்துச் சலித்துப்போய், சோப்பைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

திரும்பி வந்தபோது நடத்துனர் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரனுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர், கையில் இருந்த கறுப்பு எண்ணெயைக் கழுவ அந்தச் சோப்பைத்தான் எடுத்திருந்தார். அவர்கள் பார்வையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. சோப்பு கையிலேயே நின்றுவிட்டது.

“தெரியாம எடுத்துட்டேன்” என்றார்.

அச்சக்கா அவரைத் திட்டுவதற்காகத்தான் சோப்பைப் பிடுங்கினாள். திட்டு பாதியில் நின்றது. கொடி அழியவில்லை. தண்ணீரும் உள்ளங்கையும் சேர்ந்து விளிம்புகளை மட்டும் கரைத்திருந்தன. இலைகள் ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே எழுந்து, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கின. மேடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் எஃகில் வெட்டிய இலைகள் விறைப்பாக நின்றன, இவை மூச்சுவிட்டன.

நாத்தனார் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். “இதை நான் அடிச்சுத் தருவேன் அண்ணி” என்றாள்.

“இதையேதான் வெட்டப் போறேன்” என்ற அச்சக்கா கணவரைப் பார்த்தாள். “கையை நல்லா கழுவிக்கோங்க. ஆனா வேற சோப்புல.”

வழுக்கலாக வெட்டுவது கூராக வெட்டுவதைவிடக் கஷ்டம் என்பது அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. கூரான கோட்டில் உளி தானாகப் போகும். வழுக்கலில் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, விரலால் கேட்டு, மறுபடி அரம் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துப் பார்த்தே வெட்டினாள். சோப்பைப் பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். நெட்டை வந்து எவ்வளவு ஆழம் போகலாம் என்று தகட்டின் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னான். அவன் சொன்ன ஆழத்துக்குமேல் அவள் ஒரு மயிரிழைகூடப் போகவில்லை.

வெட்டி முடித்தாலும் கண்டம் தாண்டவில்லை. அச்சை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அப்போதுதான் எஃகு இறுகும். அந்த நேரத்தில் சில அச்சு ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு விரிசல் விட்டுவிடும். அவ்வளவு நாள் உழைப்பும் அந்த ஒரு டிக்கில் போய்விடும். உலைக்காரர் இடுக்கியால் அச்சைத் தூக்கினார். ஆரஞ்சு நிறத்தில் கொடி ஒளிர்ந்தது. எண்ணெய்க்குள் இறக்கினார். புகை எழுந்தது. எண்ணெய் கொதித்து அடங்கும்வரை அச்சக்கா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. உலைக்காரர் வெளியே எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“பொழச்சுக்கிச்சு” என்றார்.

இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் மெஷினுக்கு முன்னால் கூட்டம் தானாகவே கூடிவிட்டது. நாத்தனார் தகட்டை வைத்தாள், சட்டத்தைப் பூட்டினாள். பிடியில் கை வைத்துவிட்டு ஒருமுறை அண்ணியைப் பார்த்தாள். இழுத்தாள். மெஷின் இறங்கி எழுந்தது. அடியிலிருந்து எடுத்த மூடியில் ஒரு கீறல் இல்லை. காட்டுக்கொடி ஒரு மூலையில் புறப்பட்டு, வளைந்து சுற்றி மூடி முழுக்கப் படர்ந்திருந்தது. எண்ணெய்ப் பளபளப்பில் இலைகள் ஈரமாக இருப்பதுபோல் தோன்றின. நாத்தனார் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மூடி அசையவில்லை. நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை எல்லாம் அழுத்தினாள். அசையவில்லை.

பாலிஷ்காரிதான் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மெஷின் சத்தத்தையும் மீறி அது முதலாளி அறைவரைக்கும் கேட்டது.

முதலாளி அந்த மூடியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்பக்கப் பள்ளங்களில் மிச்சச் சாப்பாட்டை நன்றாகப் பூசி, விடியும்வரை காயவிட்டு, காலையில் தன் கையாலேயே கழுவினார். பிசுக்குத் தங்குவதற்கு ஒரு மூலையோ முடுக்கோ அதில் இல்லை. ஒரு வழிப்பில் எல்லாம் போய்விட்டது. கண்ணாடி போட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்கு வந்து அச்சக்காவின் மேசையில் மூடியை வைத்தார்.

“சுத்தமா போயிடுச்சு” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “வீட்டுல இதை எடுத்துப் பழம் அடுக்கி வச்சுட்டாங்க. திருப்பி வாங்கிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு” என்றார்.

மாசக் கடைசியில் மொத்த வியாபாரி வந்தார். ஆள் அகலம்; அவருடைய கட்டைவிரல் அதைவிடப் பேர்போனது. எந்தப் பாத்திரத்தைக் காட்டினாலும் அதன் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். டொப் என்றால் மேலே பேச்சே இல்லை. முதலாளி மூடியைக் கையில் கொடுத்தார். நெட்டையும் நாத்தனாரும் அச்சக்காவும் வாசலோரம் நின்றார்கள்.

கட்டைவிரல் அழுத்தியது. சத்தம் இல்லை. இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தின. சத்தம் இல்லை. வியாபாரி மூடியை டப்பாவில் போட்டுக் கொக்கியை மாட்டி நாற்காலிமேல் வைத்தார். ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். அப்படியே திரும்பி அதன்மேல் உட்கார்ந்தார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வியாபாரி சாவகாசமாக ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். டப்பா வைத்தது வைத்தபடியே இருந்தது. கொக்கியைத் திறந்து, மறுபடி போட்டார். மூடி அதன் இடத்தில் பாந்தமாக விழுந்தது.

“எவ்வளவு மெல்லிசுத் தகடு?” என்று கேட்டார். முதலாளி சொன்னார். வியாபாரி நம்பாமல் விளிம்பை உற்றுப் பார்த்தார். அவர் கட்டைவிரல் இப்போது அழுத்தவில்லை. ஒரு இலையைத் தடவிக்கொண்டிருந்தது. “நீங்க அடிக்கிறது பூராவும் எனக்கு. வேற யாருக்கும் கொடுக்காதீங்க” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, “வேற மாதிரியும் வருமா?” என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் அச்சக்கா சொன்னாள்: “நீங்க கேட்டுக்கிட்டே இருங்க, நான் வெட்டிக்கிட்டே இருக்கேன்.”

அதன்பிறகு மெஷின் ஓய்ந்த நாள் இல்லை. வாளிப் பிரிவிலிருந்தும் ஆட்களை டப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு முறை போட்டு வேலை கொடுக்க வேண்டியதாயிற்று. அச்சக்காவின் பட்டறையோடு பக்கத்து அறையையும் இடித்துச் சேர்த்தார்கள். நடத்துனர் தன் பேருந்தில் மதிய நேரம் கொடி டப்பாவோடு யாராவது ஏறினால், “உங்களுக்கு ஜன்னலோரம்” என்று இடம் காட்டினார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறைக்கு அச்சக்கா, நாத்தனார், நடத்துனர் மூன்று பேரும் ரயிலில் வெளியூர் கிளம்பினார்கள். மதியமானதும் பெட்டியில் எல்லோரும் சாப்பாட்டைப் பிரித்தார்கள். எதிர்வரிசையில் ஒரு கொடி டப்பா. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. பெட்டியின் நடுச்சந்துக்கு அப்புறம் ஒரு குடும்பமே ஆளுக்கொன்று வைத்திருந்தது. மூடியைக் கவிழ்த்துத் தட்டு மாதிரி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சாப்பாடு இலையின் பள்ளத்தில் அழகாக உட்கார்ந்தது. அச்சக்கா இதை யோசித்ததே இல்லை.

எதிரே இருந்த செவிலி அவள் பார்வையைக் கவனித்துவிட்டாள். “நல்லா இருக்குல்ல? எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் இதான் வச்சிருக்கோம்” என்று மூடியைத் திருப்பிக் காட்டினாள். “மீன் மீனா நீந்துது பாருங்க.”

“அது இலைங்க” என்றாள் அச்சக்கா.

“இலையா? வாலைப் பாருங்க. மீன்தான்.”

“இலைதாம்மா. நான்தான் வெட்டினேன்.”

செவிலி மரியாதையாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெரியவர் மரியாதைகூடக் காட்டவில்லை. “இதெல்லாம் மெஷின்ல செய்றது. மனுஷன் எங்க வெட்டுறான்?” என்றார்.

அச்சக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். எப்போதும் பொது இடத்தில் குரல் உயர்த்தாதவள், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “மெஷின்லதான் செய்றது. அந்த மெஷினை ஓட்டுறவ நான்தான். இவங்க என் அண்ணி. இவங்க அச்சு வெட்டினாங்க, நான் அடிச்சேன். எங்க அண்ணன் கை கழுவினார்.”

கடைசியாகச் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. சந்துக்கு அப்புறம் இருந்த குடும்பம் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் மூடியைக் கொண்டுவந்து அச்சக்காவின் முன்னால் நீட்டினார்கள், அவளே இன்னும் பார்க்காதது மாதிரி. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செவிலியின் மூடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“அப்ப நீயே சொல்லும்மா” என்றார். “முடிவா இது இலையா, மீனா?”

பெட்டியே காத்துக்கொண்டிருந்தது. அச்சக்கா காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

“இலைதான் ஐயா. ஆனா மீன்னு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன்” என்றாள். பிறகு, குழாய்மேல் ஏறிய காட்டுக்கொடியிலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை அவர்கள் திறக்கவே இல்லை. சுற்றியிருந்தவர்கள் தங்கள் சாப்பாட்டையே மூடியில் வைத்து நீட்டினார்கள், திறக்க விடவில்லை.